கேட்காமல் கொடுத்த பன்னிரண்டு கம்பியூட்டர்கள்

பிள்ளைகளே, இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடக்கும் நாட்கள். நான் வேலை செய்யும் இடம் மார்க்கெட்டுக்கும் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஒரு பழைய மாடிக் கட்டடம். கீழே செருப்புக் கடை, மேலே கம்பியூட்டர் வகுப்பு. மேலேதான் எனக்கு வேலை. படிப்பிக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காலையில் கதவு திறப்பது, கூட்டுவது, பன்னிரண்டு கம்பியூட்டர்களையும் போட்டு வைப்பது, பின்னேரம் எல்லாவற்றையும் நிறுத்தி உறை போட்டு மூடுவது, இவ்வளவுதான் என் வேலை.

அந்த உறைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வகுப்பை நடத்துகிறவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் நீண்ட காலம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. நாங்கள் டீச்சர் என்போம். ரோட்டுத் தூசி மாடிக்கு ஏறி வருகிறது என்று, நீலத் திரைச்சீலைத் துணி வாங்கி, ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் தன் கையாலேயே உறை தைத்து வைத்திருந்தார். மொனிட்டரையும் அதன் பக்கத்தில் நிற்கும் பெட்டியையும் சேர்த்து மூடி, மேசை வரைக்கும் தொங்கும் உறை. ஒன்றுக்குப் போடாமல் விட்டாலும் மறுநாள் காலையில் கண்டுபிடித்துவிடுவார். எட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வகுப்புக்குப் புதிய கம்பியூட்டர்கள் வாங்கியபோது, பழையதில் ஒன்றை என் மகளுக்கென்று டீச்சர் கொடுத்தார். எங்கள் வீடு பிலிமத்தலாவையில், பெரிய பாதையை விட்டு உள்ளே ஏறிப் போகிற இடம். த்ரீவீலில் மடியில் வைத்தே கொண்டுபோனேன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு.

ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் சொன்னதாக ஒரு விஷயம் கொண்டுவந்தாள். நாம் பாவிக்காத நேரத்தில் கம்பியூட்டர் சும்மாதானே இருக்கிறது, அந்தச் சும்மா இருக்கிற சக்தியை விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கலாமாம். அவர்களிடம் இருக்கிற கணக்கு அவ்வளவு பெரியதாம். எவ்வளவு பெரிய கம்பியூட்டரிடம் கொடுத்தாலும் செய்து முடிக்க வருடக்கணக்காகும். அதனால் அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, உலகம் முழுவதும் விரும்பி வருகிறவர்களின் வீட்டுக் கம்பியூட்டர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் துண்டைச் செய்து திருப்பி அனுப்புகிறார்கள்.

மகள் சொன்னது எனக்குத் தோட்டத்து வேலையை வைத்துத்தான் விளங்கியது. என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஒரு மலையை ஒரு ஆளால் எடுத்து முடிக்க ஏலாது. காலையில் கங்காணி ஆளுக்கு ஒரு நிரை என்று பிரித்துக் கொடுப்பார். அவரவர் நிரையை அவரவர் எடுத்தால் பொழுது சாயுமுன் மலை முடிந்துவிடும். இதுவும் அப்படித்தானே என்று கேட்டேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியேதான் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள்.

ஆனாலும் பயம் இருந்தது. முகம் தெரியாத ஆட்கள் கம்பி வழியாக வீட்டுக்குள் வருகிற மாதிரி ஒரு பயம். அதனால் மகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வகுப்புக் கம்பியூட்டர்களைப் பழுது பார்க்க வருகிறவரிடம் கேட்டேன். அலவத்துகொடவிலிருந்து வருகிற முஸ்லிம் மனிதர் அவர். எங்கள் இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இன்றுவரை தெரியாது. நான் அவரை, அண்ணனுக்கு அவர்கள் சொல்கிற மாதிரி, நானா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். அவருக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. நல்ல வேலைதான், ஆனால் அதை நடத்துகிற நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் செயலியை எடுங்கள், வேறு எங்கும் பாவிக்கிற கடவுச்சொல்லை அங்கே கொடுக்காதீர்கள் என்றார். கடைசியாகச் சூட்டைப் பற்றியும் சொன்னார். இந்த வேலை ஓடும்போது பெட்டிக்குள்ளே நன்றாகச் சூடேறும், காற்று வந்து போக இடம் இருக்க வேண்டும் என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு வந்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். மனைவி அதன்மேல் போட்டிருந்த பூத்தையல் துணியையும் எடுத்து மடித்து வைத்தேன். மகள் போனில் டேட்டா போட்டு, அந்தச் செயலியை இறக்கினாள். எந்த ஆராய்ச்சிக்கு உதவப் போகிறோம் என்று ஒரு பட்டியல் வந்தது. விண்மீன், மழை, கணக்கு என்று என்னென்னவோ இருந்தது. காசநோய்க்குப் புதிய மருந்து தேடுகிற வேலை ஒன்றும் இருந்தது. என் அப்பா காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து குடித்தவர். அதையே எடு என்றேன்.

பிறகு மகள் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்தாள். நாங்கள் பாவிக்கும்போது அது ஒதுங்கி நிற்க வேண்டும், பாதிச் சக்தியைத்தான் எடுக்க வேண்டும் என்றெல்லாம் அதற்குச் சொல்லிவைக்க இடமிருந்தது. முதல் துண்டு வந்து இறங்கியது. அது முடிய ஒன்பது மணித்தியாலம் என்று காட்டியது. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நூற்றுக்கு ஒன்று, நூற்றுக்கு இரண்டு என்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது என்று மனைவி பகிடி பண்ணினார்.

அந்த அளவில் நின்றிருந்தால் இதை நான் உங்களுக்கு எழுத வேண்டி வந்திருக்காது.

இந்த வேலைக்குக் காசு கிடையாது. முடித்துக் கொடுக்கும் துண்டுக்குப் புள்ளி போடுவார்கள், அவ்வளவுதான். மகளும் அந்த சேரும் இன்னும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். உலகத்துக் குழுக்களின் பட்டியலில் எங்கள் குழுவின் பெயரும், பக்கத்தில் சின்னதாகச் சிங்கக் கொடியும் தெரியும். இருந்த இடம் அடிமட்டத்தில்தான். ஆனாலும் வேலை விட்டு வந்ததும் தேத்தண்ணீர் குடிக்குமுன் நான் அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பேன். இரண்டு இடம் ஏறியிருந்தால் மனம் குளிரும். இறங்கியிருந்தால் அன்றைக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. எங்களுக்கு நேர் மேலே வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் குழு இருந்தது. அவர்களைத் தாண்டினால் நல்லா இருக்கும் என்று மகள் ஒருமுறை சொன்னாள். சொன்னதை அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

பெரஹராவின் கடைசி நாட்களில் கண்டியில் மத்தியானத்துக்குப் பிறகு பாதைகளை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் வந்து போக ஏலாது. அதனால் வகுப்புக்கு ஐந்து நாள் லீவு விட்டார்கள். டீச்சர் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்குப் புறப்பட்டார். லீவு முடிந்து அடுத்த கிழமை பிள்ளைகளுக்குச் சான்றிதழ்ப் பரீட்சை, அதனால் எல்லாவற்றையும் பத்திரமாக மூடிவிட்டுப் போங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று பின்னேரம் பன்னிரண்டு கம்பியூட்டர்களுக்கு நடுவில் நான் தனியாக நின்றேன். ஐந்து நாள் இவை சும்மா கிடக்கப் போகின்றன என்று நினைத்தேன். வீட்டில் ஒன்று செய்கிற வேலையைப் பன்னிரண்டு சேர்ந்து செய்தால் என்ன என்று நினைத்தேன். நோயாளிகளுக்குத்தானே உதவி, இதில் என்ன பிழை என்றும் நினைத்தேன். டீச்சருக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். அப்போது இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டார். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. இதை மறைத்து எழுதினால் இந்தக் கதையை எழுதுவதிலேயே பிரயோசனம் இல்லை.

மகள் செய்ததை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து ஒவ்வொன்றிலும் செயலியைப் போட்டேன். மூன்றாவது கம்பியூட்டருக்குப் பிறகு கொப்பி தேவைப்படவில்லை. எல்லாம் மகளின் பெயரில்தான். அவள் வீட்டில் பாதிச் சக்தி என்று வைத்திருந்த இடத்தில் நான் முழுச் சக்தி என்று வைத்தேன். மொனிட்டர்களை மட்டும் நிறுத்தினேன், யன்னல்களைச் சாத்தினேன். பிறகு வழக்கம்போல ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பன்னிரண்டு உறைகளையும் போட்டேன். ஓரம் இழுத்து, சுருக்கம் எடுத்து, மேசையோடு படிய விட்டேன்.

வீட்டிலே அந்தப் பெட்டிக்கு மேலே முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி கிடக்கக்கூட விடாதவன் நான். இங்கே உறை போட்டேன். எட்டு வருடப் பழக்கம். கை தன் வேலையைச் செய்தது, தலை பட்டியலில் இருந்தது.

இரண்டாம் நாள் மகள் கூப்பிட்டாள். "அப்பா, எங்க கணக்குல பதிமூணு கம்பியூட்டர் காட்டுது."

வகுப்பில் போட்டிருக்கிறேன் என்றேன். அவளுடைய முகம் மலர்ந்தது. உடனேயே, "டீச்சர் சரின்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினேன். வாயால் சொல்லாவிட்டால் பொய் இல்லை என்று அந்த நேரத்தில் நினைத்தேன் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் அந்த வெளிநாட்டுக் குழுவைத் தாண்டிவிட்டோம். மகள் கை தட்டினாள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று பின்னேரம் பன்னிரண்டில் இரண்டு, அந்த நிறுவனத்தோடு தொடர்பு கொள்ளாமல் நின்றுவிட்டன என்று அவள் காட்டினாள். கரண்ட் போயிருக்கும் என்றேன். கரண்ட் போனால் இரண்டு மட்டும் எப்படிப் போகும் என்று அவள் கேட்டாள். காலை நேரத்தில் பஸ் ஓடியது. நான் போய்ப் பார்த்திருக்கலாம். போனால் எதையோ பார்க்க வேண்டி வரும் என்று பயந்து, போகாமல் இருந்துவிட்டேன்.

லீவு முடிந்து கதவைத் திறந்ததும் மணம் வந்தது. பிளாஸ்டிக் கருகின மணம். அறைக்குள்ளே அடுப்படியில் நிற்கிற மாதிரி சூடு. நான் யன்னல்களைத் திறந்தேன், ஒவ்வொரு உறையாகத் தூக்கினேன். பெட்டிகள் கை வைக்க ஏலாத சூடு. ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் குளிர்ந்து கிடந்தன. என்ன செய்தும் உயிர் வரவில்லை. அவற்றில் ஒன்றை மூடியிருந்த உறையில், பெட்டியின் பின்பக்கம் பட்ட இடத்தில், தோசைக்கல் பட்ட மாதிரி ஒரு பழுப்பு வட்டம்.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கூச்சமான பகுதி. டீச்சர் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. மிச்சம் பத்துக் கம்பியூட்டர்களிலும் அந்தச் செயலியை அழித்தேன். பழுப்பு விழுந்த உறையைச் சுருட்டி என் பைக்குள் போட்டேன். பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி தரையைக் கூட்டத் தொடங்கினேன்.

டீச்சர் வந்து இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, நானாவுக்கு அழைப்பு எடுத்தார். விஷயம் என்னவென்றால், பெரஹராவுக்கு முந்தின கிழமைதான் நானா நாலு கம்பியூட்டர்களுக்கு உள்ளே கரண்ட் வாங்கிக் கொடுக்கும் பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்திருந்தார். செத்துப்போன இரண்டும் அந்த நாலில்தான் இருந்தன. டீச்சருக்கு வேறு எந்தச் சந்தேகமும் வர வழியில்லை.

நானா வந்ததும் டீச்சர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. "நீங்கள் போட்ட சாமான் ரெண்டு கிழமை தாங்கேல்லை. வாற கிழமை பிள்ளையளுக்குச் சோதினை. நான் இனி ஆரை நம்புறது?" என்று மட்டும் கேட்டார்.

"நல்ல சாமான்தான் டீச்சர் போட்டது. என்ட ஊட்டுப் பொட்டிக்கும் அதத்தான் போட்டீக்கிறன்" என்றார் நானா.

டீச்சர் அதை நம்பவில்லை. பரீட்சை முடியட்டும், பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். கண்டியில் இப்படிப் பேச்சு ஒரு இடத்தில் தொடங்கினால் அங்கேயே நிற்காது. பக்கத்து வகுப்புகளுக்கும் நானாதான் பழுது பார்க்கிறவர். மட்டமான சாமான் போடுகிறவர் என்று ஒரு பெயர் விழுந்தால் அவருடைய பிழைப்பே போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன்.

நானா இரண்டு பெட்டிகளின் பக்கத் தகட்டையும் கழற்றினார். விரலால் உள்ளே தொட்டுப் பார்த்தார், குனிந்து மோந்து பார்த்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றின் மேலும் கை வைத்துப் பார்த்தார். இரண்டையும் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றார். ஒன்றை அவர் தூக்க, மற்றதை நான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டு வளைவில் ஒரு நிமிடம் நின்றார்.

"ஊட்டுல அந்த மருந்து வேல இன்னும் ஓடுதா அண்ணன்?"

"ஓடுது நானா."

"நல்ல வேல அது. உட்டுறாதீங்க."

அவ்வளவுதான். த்ரீவீலில் பெட்டிகளை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி மரக்கறி என்று நினைத்து என் பையைத் திறந்தார். நீல உறையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஏன் இது தீய்ந்திருக்கிறது என்று கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மகளும் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவி சொன்னார்: "கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடச்சிருக்கீங்க. தேங்கா போன பழியையும் இன்னொருத்தர் தலையில வச்சிட்டு வந்திருக்கீங்க."

மகள் ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்போ டீச்சர்கிட்ட கேக்கவே இல்லையாப்பா?"

"இல்லம்மா."

அவள் உள்ளே போய் வீட்டுக் கம்பியூட்டரில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினாள். பிறகு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். தாண்டிவிட்டோம் என்று கை தட்டிய பிள்ளை. அந்தக் கை தட்டலையும் நான் ஏமாற்றித்தான் வாங்கியிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது.

மறுநாள் காலை, டீச்சர் வந்து உட்கார்ந்ததும் உறையை மேசையில் விரித்து வைத்தேன். சொல்ல நினைத்து வந்த ஒழுங்கெல்லாம் மறந்துபோனது. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். நான் அழித்ததையும் சொன்னேன். டீச்சர் அந்தப் பழுப்பு வட்டத்தை விரலால் சுற்றித் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏன் தம்பி என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன் டீச்சர்."

"ஓம், வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். அப்பிடிச் சொல்லுறதுக்கு எனக்கு ஒரு இடம் இருந்தது. அதையும் நீங்களே எடுத்துப் போட்டியள்."

இரண்டு கம்பியூட்டர் போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னார். நான் நினைத்திருந்தது, எடுத்தது கொஞ்சம் கரண்டும் கம்பியூட்டரின் ஓய்வு நேரமும் என்று. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஒரு சொத்து என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லித் தரவில்லை.

பிறகு டீச்சர் போனை எடுத்தார். நானாவிடம் முதலில் தான் மன்னிப்புக் கேட்டார். விசாரிக்காமல் கதைத்துப் போட்டேன் என்றார். அறுபது வயது தாண்டிய ஒரு ஆசிரியை, என்னால் இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்பதை நான் நின்று பார்த்தேன். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

நான் சொல்லத் தொடங்கியதும் நானா தடுத்தார். "தெரியும் அண்ணன். பொட்டியத் தொறந்த ஒடனே வெளங்கிட்டு. ரெண்டு மூணு நாள் நிக்காம ஓடின சூடு அது."

அப்படியானால் ஏன் டீச்சரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் செல்லியிருந்தா உங்கட வேல பெய்த்திருக்கும். ரெண்டு நாள் பாப்பம் எண்டு இருந்தன். மூணாவது நாள் செல்லித்தான் இருப்பன், நான் ஒண்டும் அவ்லியா இல்ல."

அவ்லியா என்றால் அவர்கள் பேச்சில் இறைவனுக்கு நெருங்கிய மகான். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயர் கெடுவதைத் தெரிந்துகொண்டே இரண்டு நாள் எனக்காகப் பொறுக்க நினைத்திருக்கிறார்.

ஆனால் பரீட்சை காத்துக்கொண்டிருக்காதே. நானா ஒரு பவர் சப்ளை தேடிப் பிடித்துவிட்டார். இரண்டாவது, அந்த அளவில் உடனே கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழைய கம்பியூட்டரில் இருப்பது சரியாகப் பொருந்தும் என்று அவர்தான் சொன்னார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன். அது என் மகளுடையது.

வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டேன். அதைக் கழற்றினால் உன் கம்பியூட்டர் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், நான் வேறு வழி பார்க்கிறேன் என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. எனக்கு அது நல்லதாகப் பட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒப்படை ஒன்று பாதியில் இருக்கிறது, அதை முடித்துவிட்டுத் தருகிறேன் என்றாள். நான் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து, "இப்போ எடுத்துக்கங்கப்பா" என்றாள்.

பரீட்சை அன்று பன்னிரண்டு கம்பியூட்டர்களும் ஓடின. நானா இன்றும் எங்கள் வகுப்புக்கு வருகிறார். பக்கத்து வகுப்புகளுக்கும் போகிறார். டீச்சர் பழுப்பு விழுந்த இடத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வேறு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது நான் ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் கை வைத்து, குளிர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் உறை போடுகிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள், ஒரே ஒரு கம்பியூட்டரில் பகல் நேரத்தில் மட்டும், உறை போடாமல், அந்த மருந்து வேலையை ஓட விடலாமா என்று டீச்சரிடம் முறையாகக் கேட்டேன். வேண்டாம் என்றார். சரி டீச்சர் என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகும் அவர் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக் கம்பியூட்டருக்கு வேறு பவர் சப்ளை போட இரண்டு மாதம் ஆனது. ஓடத் தொடங்கியதும் மகள் பழைய கணக்கைத் திறந்தாள். அந்த ஐந்து நாளில் நான் பன்னிரண்டு கம்பியூட்டர்களில் செய்வித்த துண்டுகளுக்கெல்லாம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் என்றாள். அதுவரை எனக்குத் தெரியாத ஒன்றை அன்றுதான் விளக்கினாள். ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுப்பார்களாம். இரண்டு விடையும் ஒத்துப் போனால்தான் எடுத்துக்கொள்வார்களாம். ஒத்துப் போகாவிட்டால் மூன்றாவது ஆளிடம் கொடுத்துப் பார்ப்பார்களாம். அளவுக்கு மேல் சூடேறிய கம்பியூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே பிழையான விடை சொல்லுமாம். எங்கள் பட்டியலில் முதல் நாள் செய்தவை சரி என்று இருந்தன. அதற்குப் பிறகு வந்தவற்றில் வரிசை வரிசையாக, செல்லாது, செல்லாது, செல்லாது.

அவள் ஒன்றைத் திறந்து காட்டினாள். எங்களுடைய விடை ஒன்று. யாரோ ஒருவருடைய விடை வேறு. மூன்றாவதாக இன்னொருவர் அந்தத் துண்டை முதலிலிருந்து செய்து, சரியான விடை கொடுத்திருந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. அவருடைய கம்பியூட்டர் அதற்குப் பதினொரு மணித்தியாலம் எடுத்தது என்று மட்டும் போட்டிருந்தது.

மகள் தன் சேரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பூச்சியத்திலிருந்து புதிதாக ஒன்று தொடங்கினாள். இப்போது அவளுடைய இடம் பட்டியலில் எங்கே என்று எனக்குத் தெரியாது, நான் பார்ப்பதில்லை. அந்தப் பதினொரு மணித்தியாலத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நான் உதவி என்று நினைத்துக் கெடுத்து வைத்ததை, எங்கேயோ ஒரு வீட்டில், தன்னுடைய கம்பியூட்டரில், தன்னுடைய விருப்பத்தோடு ஒருவர் திருத்தி முடித்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியாததால்தான், பிள்ளைகளே, இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.